பொன் தேடிய குயவர்

கடலூர் மாவட்டத்தில், மணிமுத்தாற்றின் கரையில் அமைந்திருப்பது விருத்தாசலம். திருமுதுகுன்றம் என்பது இதன் பழம்பெயர். சுந்தரமூர்த்தி நாயனார் இத்தலத்து இறைவனைப் பாடி 12,000 பொன் பெற்றார் என்றும், அப்பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்றும் பெரியபுராணம் கூறும். ஆற்றில் இடுமுன் அப்பொன்னில் மச்சம் வெட்டிக் கைக்கொண்டார் அவர். குளத்தில் எடுத்தபின் அதனோடு ஒப்பிட்டு மாற்று உரைத்துப் பார்த்தார். இறைவன் அருளிய பொன்னாயினும் உரைத்துப் பார்த்தே கொள்ளவேண்டும் என்னும் கருத்து அவ்வரலாற்றில் அமைந்திருத்தல் எண்ணத்தக்கது.

இக்காலத்தில் விருத்தாசலத்திற்குப் பெருமை தருவது மண்ணாகும். இதனைப் பீங்கான் நகரம் என்றே பலரும் வழங்குகின்றனர். பொம்மைகள், கோப்பைகள், மின்கம்பிகளைத் தாங்கும் பீங்கான் கட்டைகள் முதலிய பொருள்கள் இங்குள்ள சூளைகளில் உருவாகின்றன. சூளைக்குள் செல்லும்போது அவை வெறும் மண், கைபட்டால் நசுங்கும், நீர் பட்டால் கரையும். வெளியே வரும்போதோ பால்போல் வெளுத்து, கல்போல் இறுகி, தட்டினால் மணிபோல் ஒலிக்கின்றன. இம்மாற்றத்தை முதன்முறை காண்பவர் இதனை மாயம் என்றே கருதுவர். உண்மையில், வெண்பீங்கான் செய்யும் முறையை ஐரோப்பிய நாட்டினர் அறிந்துகொண்ட வரலாறு மாயத்தில் தொடங்கி அறிவியலில் முடிந்த வரலாறேயாகும். பொன் செய்வதாகக் கூறிப் புறப்பட்டு, மண்ணால் புகழ்பெற்ற ஒருவரின் வாழ்க்கை அது. அவர் பெயர் யோகான் பிரடெரிக் பெட்கர்.

இரசவாதம்

இரும்பு, ஈயம், செம்பு போன்ற தாழ்ந்த உலோகங்களைப் பொன்னாக மாற்றும் கலைக்கு இரசவாதம் என்று பெயர். சீனம், அரபு நாடுகள், ஐரோப்பா, இந்தியா ஆகிய எல்லா இடங்களிலும் இக்கலையை நாடியோர் இருந்தனர். நம் சித்தர்களின் பெயரால் வழங்கும் நூல்களிலும் இரசவாதச் செய்திகள் பல உள்ளன. அவை எளிதில் விளங்காதவாறு பரிபாஷை என்னும் மறைசொற்களால் எழுதப்பட்டவை. ஐரோப்பிய நூல்களும் அவ்வாறே குறியீடுகளாலும் புதிர்களாலும் நிறைந்திருந்தன. கற்றதை மறைப்பதே அக்கலையின் முதல் விதியாக இருந்தது.

எனினும், இரசவாதிகள் எல்லாரையும் எத்தர் என்று ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. பூமிக்குள் உலோகங்கள் கனிபோல மெல்ல மெல்ல முதிர்ந்து பொன்னாகின்றன என்று அக்காலத்தார் நம்பினர். அந்நம்பிக்கை உண்மையாயின், உலையில் அம்முதிர்ச்சியை விரைவுபடுத்தலாம் என்று எண்ணியதில் வியப்பில்லை. புவியீர்ப்பு விதியைக் கண்ட நியூட்டனும் இரசவாதத்தில் பல ஆண்டுகள் ஈடுபட்டிருந்தார். மேலும், மூசை, துருத்தி, வாலை முதலிய கருவிகளைத் திருத்தி, அமிலங்களையும் உப்புகளையும் வடித்தெடுத்தவர்கள் இவர்களே. நம் நாட்டு வேதியியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ராய் பழைய வடமொழி இரசவாத நூல்களை ஆராய்ந்து, இந்திய வேதியியலின் வரலாற்றை 1902, 1909ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளியிட்டார். மந்திரங்களுக்கும் கற்பனைகளுக்கும் இடையே புதைந்துகிடந்த உண்மையான செய்முறைகளை அவர் பிரித்துக்காட்டினார். மாயமும் அறிவியலும் நெடுங்காலம் ஒரே உலையின் முன் அமர்ந்திருந்தன என்பது அவ்வாராய்ச்சியால் தெளிவாகும்.

இளமை

பெட்கர் 1682ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 4ஆம் நாள், ஜெர்மானிய நாட்டுச் சிலைட்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். அவர் தந்தையார் நாணயச் சாலைப் பணியில் இருந்தவர். குழந்தை பிறந்த ஆண்டிலேயே தந்தையார் இறந்தார். தாயார் மக்டபர்க் நகருக்குச் சென்று மறுமணம் செய்துகொண்டார். மாற்றாந்தந்தையார் சிறுவனைத் தம் மகனாகவே கொண்டு நன்கு கற்பித்தார்.

பதின்ம வயதில் பெட்கர் பெர்லின் நகரில் மருந்துக்கடை நடத்திவந்த சோர்ன் என்பவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். மருந்து அரைத்தலும் வடித்தலும் அவருக்கு விரைவில் கைவந்தன. ஆயினும் அவர் மனம் மருந்தில் நிலைக்கவில்லை. இரவு வேளைகளில் இரசவாத நூல்களைப் படிப்பதிலும், மூசையில் உலோகங்களை உருக்குவதிலும் அவர் ஈடுபட்டார். ஆசிரியர் கடிந்தும் பயனில்லை.

1701ஆம் ஆண்டில், தம் 19ஆம் வயதில், பெட்கர் சிலர் முன்னிலையில் வெள்ளிக் காசுகளை உருக்கிப் பொன்னாக்கிக் காட்டினார். மூசையிலிருந்து ஊற்றப்பட்ட உலோகத்தை ஆராய்ந்தபோது அது நல்ல பொன்னாகவே இருந்தது. இது எவ்வாறு இயலும்? மூசையின் அடியில் பொன்னைப் பதித்து மெழுகினால் மூடுதல், கிளறும் கோலின் உள்ளே பொன்னை ஒளித்தல் முதலிய பல தந்திரங்களை அக்கால இரசவாதிகள் கையாண்டுவந்தனர். கண்டவர்கள் பொன்னை உரைத்துப் பார்த்தனர். பொன் வந்த வழியை உரைத்துப் பார்க்கவில்லை. அவ்வித்தையை வேறொருவர் தம் கையால் செய்து பார்க்கவும் இல்லை. பிழை அங்கேதான் நேர்ந்தது.

பொன்னால் வந்த சிறை

செய்தி காட்டுத்தீப்போல் பரவியது. போருக்கும் ஆடம்பரத்துக்கும் பணம் தேடிக்கொண்டிருந்த மன்னர்களின் காதில் அது தேனாகப் பாய்ந்தது. பிரஷ்ய மன்னர் முதலாம் பிரடெரிக் இளைஞரைப் பிடித்துவர ஆணையிட்டார். பெட்கர் அஞ்சி அண்டை நாடான சாக்சனிக்கு ஓடினார். அங்கும் அவருக்கு விடுதலை கிட்டவில்லை. சாக்சனியின் ஆட்சியாளரும் போலந்தின் மன்னருமாகிய அகஸ்டஸ் அவரைக் கைப்பற்றி டிரெஸ்டன் நகரில் காவலில் வைத்தார். ஒரு மன்னருக்குத் தப்பி மற்றொரு மன்னரிடம் அகப்பட்டார் பெட்கர். தாம் செய்யாத ஒன்றைச் செய்ததாகக் காட்டியவர், இனி அதனை நாள்தோறும் செய்துகாட்ட வேண்டியவரானார்.

அவருக்கு உணவுக்கும் உடைக்கும் குறைவில்லை. உலைகளும் உதவியாளரும் வேண்டியவாறு கிடைத்தனர். கிடைக்காதது ஒன்றே, அது வெளியே செல்லும் உரிமை. திங்கள்கள் ஆண்டுகளாக உருண்டன. பொன் வரவில்லை. 1703ஆம் ஆண்டில் அவர் காவலைக் கடந்து ஓடி ஆஸ்திரிய நாடுவரை சென்றார். அங்கே பிடிபட்டு மீண்டும் கொண்டுவரப்பட்டார். பொன் செய்வதாக மன்னர்களுக்கு வாக்களித்து நிறைவேற்றாதவர்கள் தூக்குமரம் ஏறிய செய்திகள் அக்காலத்தில் உண்டு. பெட்கரின் உயிர் ஒரு நூலிழையில் தொங்கியது.

சிர்ன்ஹவுஸின் துணை

இந்நிலையில் அவரைக் காத்தவர் சிர்ன்ஹவுஸ் என்னும் அறிஞர். 1651ஆம் ஆண்டில் பிறந்த இவர் கணிதத்திலும் இயற்பியலிலும் வல்லவர். பெரிய குழியாடிகளையும் கண்ணாடி வில்லைகளையும் அமைத்து, ஞாயிற்றின் ஒளியை ஒரு புள்ளியில் குவித்து, உலையில் உருகாத கற்களையும் மண்வகைகளையும் உருக்கி ஆராய்ந்தவர். எம்மண் எவ்வெப்பத்தில் இளகும், எதனோடு எது சேர்ந்தால் எளிதில் உருகும் என்பவற்றை அவர் பொறுமையோடு குறித்துவந்தார். வெண்பீங்கான் செய்யும் வழியைக் காணவேண்டும் என்பதே அவருடைய நெடுநாள் அவா.

அக்கால ஐரோப்பாவில் பீங்கான் பொன்னுக்கு நிகராக மதிக்கப்பட்டது. சீன நாட்டினர் ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பிருந்தே அதனைச் செய்துவந்தனர். கப்பல்கள் கொண்டுவந்த அக்கலங்களை ஐரோப்பியச் செல்வர்கள் பெருவிலை கொடுத்து வாங்கினர். அகஸ்டஸ் மன்னருக்கோ அதில் அடங்காத மோகம். 1717ஆம் ஆண்டில் அவர் 151 சீனப் பீங்கான் கலங்களுக்காகத் தம் போர்வீரர் 600 பேரைப் பிரஷ்ய மன்னருக்குக் கொடுத்தார் என்றால் அம்மோகத்தின் அளவை உணரலாம். ஆயினும், அப்பீங்கான் எதனால் ஆனது என்பதை ஐரோப்பாவில் எவரும் அறியார். முட்டை ஓட்டையும் சங்கையும் பொடித்து மண்ணில் நூறாண்டு புதைத்துவைத்தால் பீங்கான் விளையும் என்று நம்பியவர்களும் இருந்தனர். பொன்னைப் போலவே பீங்கானும் ஒரு மாயப் பொருளாகக் கருதப்பட்டது.

பெட்கரிடம் சூளையையும் உலையையும் ஆளும் கைத்திறன் இருப்பதைச் சிர்ன்ஹவுஸ் கண்டார். பொன்னைவிட்டு மண்ணை ஆராயுமாறு அவர் தூண்டினார். பெட்கர் முதலில் இசையவில்லை. குயவர் தொழில் தம் பெருமைக்கு இழுக்கு என்று எண்ணினார். பின்னர் அவர் மனம் மாறியது. 1705ஆம் ஆண்டில் மைசென் நகரத்து ஆல்பிரெக்ட்ஸ்பர்க் கோட்டையில் ஆய்வு தொடங்கியது. அடுத்த ஆண்டு சுவீடன் நாட்டுப் படைகள் சாக்சனிக்குள் புகுந்தபோது, பெட்கரைக் கோனிக்ஸ்டைன் என்னும் மலைக்கோட்டையில் ஓராண்டளவு அடைத்துவைத்தனர். 1707ஆம் ஆண்டில் அவர் டிரெஸ்டனுக்குத் திரும்பினார். நகர அரணின் அடியில் அமைந்த நிலவறைகளில் உலைகள் எழுந்தன.

தீயின் முன் தேர்வு

அங்கே நிகழ்ந்த உழைப்பு கடுமையானது. சாக்சனியின் பல பகுதிகளிலிருந்து மண்வகைகள் வந்து குவிந்தன. சுரங்கத் தொழில் அறிந்தவர்களும் உலைத் தொழிலாளரும் பெட்கருக்குத் துணைநின்றனர். புகையும் வெப்பமும் தாங்காமல் அவர்கள் கண் சிவந்து வருந்தினர். முதலில் கிடைத்தது செந்நிறமான கடும்பாண்டம். அது கல்லைப்போல் இறுகியிருந்தது. சாணைபிடித்தால் மணியைப்போல் பளபளத்தது. ஒருநாள் மன்னர் நேரில் வந்தபோது, செந்தழலாக எரிந்துகொண்டிருந்த கலம் ஒன்றை உலையிலிருந்து எடுத்துக் குளிர்நீரில் இட்டனர் என்றும், அது உடையாமல் இருந்தது என்றும் உடனிருந்த தொழிலாளி ஒருவர் பிற்காலத்தில் எழுதிவைத்தார் என்பர்.

செம்பாண்டம் வந்தபின் வெண்பாண்டத்தை நாடினர். இங்கே பெட்கரின் வாழ்க்கையில் ஒரு பெருமாறுதலைக் காண்கிறோம். 1708ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 15ஆம் நாளிட்ட அவருடைய ஆய்வுக் குறிப்பு ஒன்று கிடைத்துள்ளது. அதில் புதிர்மொழியால் ஆன கதைகள் இல்லை. ஏழு கலவைகளின் அளவுகளே உள்ளன. முதலாவது, தனி வெண்களிமண். மற்ற ஆறும் வெண்களிமண்ணோடு அலபாஸ்டர் என்னும் மென்மையான வெண்கல்லைச் சேர்த்த கலவைகள். களிமண் நான்கு பங்குக்குக் கல் ஒரு பங்கு என்பதில் தொடங்கி, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது பங்குக்கு ஒரு பங்கு என அவை வரிசையாக அமைந்தன. சில கலவைகள் ஐந்து மணி நேரத்தில் சரிந்து விழுந்தன. ஒன்று உருக்கெடாமல் நின்றும் நிறம் கெட்டது. கல் குறைவாகச் சேர்ந்த இறுதிக் கலவைகள் பன்னிரண்டு மணி நேரம் தீயைத் தாங்கி, வெண்மையாகவும் ஒளி ஊடுருவுவனவாகவும் வெளிவந்தன.

இக்குறிப்பில் வெற்றியோடு தோல்வியும் இடம்பெற்றிருத்தலைக் கருதவேண்டும். பெர்லினில் பொன் செய்து காட்டியபோது தோல்விக்கு இடமே இல்லை. ஏனெனில் அங்கே விடை முன்பே மூசைக்குள் ஒளிந்திருந்தது. டிரெஸ்டனின் நிலவறையில் விடை எவருக்கும் தெரியாது. தீ சொல்வதையே எழுதவேண்டியிருந்தது. ஒரே மனிதர், ஒரே கைத்திறன், ஒரே உலை. ஆயினும் முன்னது வித்தையாயிற்று, பின்னது அறிவியலாயிற்று. ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் சிறிது மாற்றி, மற்றவற்றை மாற்றாது வைத்து, விளைந்ததை விளைந்தவாறே எழுதியதால் விளைந்த வேறுபாடு அது.

அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் சிர்ன்ஹவுஸ் காலமானார். வெண்பீங்கான் கண்ட பெருமை இவ்விருவருள் யாருக்கு மிகுதி என்பதுபற்றி அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். வழிவகுத்த அறிவு முன்னவருடையது. தொடர்ந்து உழைத்து முடித்த கை பின்னவருடையது. 1709ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 28ஆம் நாள், மெருகுப்பூச்சோடு கூடிய நல்ல வெண்பீங்கானைத் தம்மால் செய்ய இயலும் என்று பெட்கர் மன்னருக்கு எழுத்து மூலம் தெரிவித்தார். 1710ஆம் ஆண்டில் அரசப் பீங்கான் ஆலை நிறுவப்பட்டு, மைசென் கோட்டையில் தொழில் தொடங்கியது. கடினப் பீங்கான் செய்த முதல் ஐரோப்பிய ஆலை அதுவே. அது இன்றளவும் நடைபெற்று வருகின்றது.

மண் பீங்கானாகும் முறை

பெட்கர் கண்ட உண்மையின் உட்பொருளை இக்கால அறிவியல் தெளிவாக விளக்குகிறது. வெண்களிமண்ணில் அலுமினியம், சிலிக்கன், ஆக்சிஜன் ஆகியவற்றோடு நீரின் கூறும் பிணைந்துள்ளது. ஏறத்தாழ 500 முதல் 600 பாகை செல்சியசு வெப்பத்தில் அந்நீர் வெளியேறிவிடுகிறது. அதன்பின் எவ்வளவு நீர் ஊற்றினாலும் அது மீண்டும் பழைய களிமண்ணாவதில்லை. 1,000 பாகையைக் கடந்து வெப்பம் ஏற ஏற, முல்லைட்டு என்னும் ஊசிபோன்ற நுண்படிகங்கள் தோன்றுகின்றன. உடன் சேர்த்த இளக்கிப் பொருள் உருகிக் கண்ணாடிக் குழம்பாகி, அவ்வூசிகளின் இடைவெளிகளை நிரப்புகிறது. ஆறியபின், ஊசிகள் வலிமை தருகின்றன; கண்ணாடி ஒளியை ஊடுருவ விடுகிறது. இதற்கு 1,300 முதல் 1,400 பாகைவரை வெப்பம் வேண்டும். பெட்கருக்கு இளக்கியாகப் பயன்பட்டது அலபாஸ்டர். பிற்காலத்தில் அதனிடத்தைப் பெல்சுபார் என்னும் கனிமம் பெற்றது. வெண்களிமண், பெல்சுபார், குவார்ட்சு ஆகிய மூன்றும் சேர்ந்த கலவையே கடினப் பீங்கானுக்கு அடிப்படையாக இன்று கொள்ளப்படுகிறது.

அவர் தேடிய பொன் ஏன் கிடைக்கவில்லை என்பதும் இன்று விளங்கும். பொன் ஒரு தனிமம். அதன் ஒவ்வோர் அணுவின் கருவிலும் 79 புரோட்டான்கள் உள்ளன. அடுப்பின் தீ எவ்வளவு கொழுந்துவிட்டு எரிந்தாலும் அணுவின் புறத்தே உள்ள பிணைப்புகளையே மாற்றும், கருவைத் தொடாது. களிமண் பீங்கானாவதற்குப் பிணைப்புகள் மாறினால் போதும். வெள்ளி பொன்னாவதற்குக் கருவே மாறவேண்டும். 1980ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பெர்க்கிலி ஆய்வுக்கூடத்தில் துகள் முடுக்கியின் உதவியால் பிஸ்மத் அணுக்கள் சிலவற்றை அறிஞர்கள் பொன்னாக மாற்றினர். கிடைத்த பொன் கண்ணுக்குப் புலப்படாத அளவினது. ஆன செலவோ பொன்னின் மதிப்பைப் பன்மடங்கு விஞ்சியது. ஆகவே, இரசவாதியின் கனவு முழுவதும் பொய்யன்று. அவருடைய உலையில் நிறைவேறும் தன்மையது அன்று என்பதே உண்மை.

மறைபொருளின் சுமை

வெண்பீங்கானைக் கண்டபின் பெட்கர் விடுதலை பெற்றார் என்று நாம் எதிர்பார்ப்போம். நடந்ததோ வேறு. பொன் செய்யும் இரகசியத்துக்காக அடைக்கப்பட்டவர், பீங்கான் செய்யும் இரகசியத்துக்காகத் தொடர்ந்து அடைக்கப்பட்டார். மன்னர் அம்முறையை அரச மறைபொருளாகக் காத்தார். மண்கலவையை ஒருவருக்கும், மெருகுப்பூச்சை வேறொருவருக்கும் அறிவித்து, முழுமையும் ஒருவர் அறியாதவாறு செய்தனர். மலைமேல் இருந்த கோட்டை ஆலையாகவும் காவற்கூடமாகவும் விளங்கியது.

பெட்கரும் மாயத்தின் பிடியிலிருந்து முற்றும் நீங்கினார் அல்லர். பொன்மீது மன்னருக்கு இருந்த ஆசை அடங்கவில்லை. 1713ஆம் ஆண்டில் பெட்கர் மீண்டும் ஒருமுறை மன்னர் முன்னிலையில் பொன் செய்து காட்ட வேண்டியதாயிற்று. ஒரு கையால் உண்மையான அரும்பொருளைப் படைத்துக்கொண்டே, மறுகையால் பழைய பொய்யைக் காப்பாற்றவேண்டிய இரங்கத்தக்க நிலை அது. இளமையில் ஒருநாள் பெற்ற கைதட்டலுக்கு அவர் வாழ்நாள் முழுவதும் விலை கொடுத்தார்.

1714ஆம் ஆண்டில் அவருக்கு விடுதலை வந்தது. அப்போதும் சாக்சனியை விட்டு வெளியேறலாகாது என்னும் கட்டு இருந்தது. பதின்மூன்று ஆண்டுக் காவலும், உலையின் வெப்பமும், நச்சுப் புகையும், மதுப்பழக்கமும் அவருடைய உடலை அரித்துவிட்டன. 1719ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 13ஆம் நாள், தம் 37ஆம் வயதில் பெட்கர் காலமானார். பொன் செய்வார் என்று நாடே எதிர்பார்த்த அவர், கடன்களையே விட்டுச்சென்றார்.

அவ்வளவு காவலிட்டும் மறைபொருள் நிலைத்ததா? இல்லை. அவர் இறக்கும் முன்பே, மைசென் ஆலையில் பணியாற்றியோர் வழியாக அம்முறை வியன்னா நகருக்குச் சென்றது. 1718ஆம் ஆண்டில் அங்கே இரண்டாவது ஆலை தோன்றியது. சீன நாட்டில் சமயப் பணியாற்றிய பிரெஞ்சுப் பாதிரியார் தாந்திரகோல் என்பவர், சிங்தேசென் நகரத்துப் பீங்கான் தொழிலைக் கண்டறிந்து 1712ஆம் ஆண்டிலும் 1722ஆம் ஆண்டிலும் விரிவான கடிதங்கள் எழுதினார். அவை அச்சாகிப் பலரும் படிக்கலாயினர். சிறிது சிறிதாகப் பீங்கான் தொழில் உலகெங்கும் பரவியது.

விருத்தாசலமும் பெட்கரும்

ஒரு காலத்தில் கோட்டைச் சுவர்களுக்குள் காவலோடு வைக்கப்பட்டிருந்த அவ்வறிவு இன்று விருத்தாசலத்தில் கரும்பலகையில் எழுதப்படுகிறது. பீங்கான் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசுக் கல்வி நிலையம் இங்குண்டு. அண்மையிலுள்ள நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலுள்ள அடுக்குகளில் வெண்களிமண் கிடைக்கிறது. எளிய குடும்பத்தில் பிறந்த மாணவரும் களிமண் எவ்வளவு, பெல்சுபார் எவ்வளவு, குவார்ட்சு எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்பவற்றை வகுப்பிலேயே கற்றுக்கொள்ளலாம். அதற்காக எவரும் சிறைப்படவேண்டியதில்லை. ஒரு மன்னர் படைவீரரைக் கொடுத்துப் பெற்ற பொருளுக்கு ஒப்பானதை இவ்வூர்த் தொழிலாளி அச்சில் வார்த்து, திருவிழாக் கடைக்குச் சிறு பொம்மையாக அனுப்புகிறார்.

மாயத்துக்கும் அறிவியலுக்கும் உள்ள உறவை இதனால் நாம் உணரலாம். இரண்டுக்கும் தாய் வியப்பேயாகும். இருக்கும் பொருளை வேறொரு பொருளாக மாற்றவேண்டும் என்னும் ஆசை இரண்டிலும் உண்டு. வளரும் முறையிலேதான் இரண்டும் பிரிகின்றன. மாயம் தன் வழியை மறைக்கும், செய்பவர் ஒருவரிடமே தங்கும், தோல்வியை ஒப்புக்கொள்ளாது. அறிவியல் தன் வழியைத் திறந்துகாட்டும். யார் செய்தாலும் ஒன்றே விளையும். தோல்வியையும் கணக்கில் எழுதும். சூளையைத் திறக்கும்போது எழும் வியப்பை அது குறைப்பதில்லை. மண்ணுக்குள் ஊசிப் படிகங்கள் முளைப்பதை அறிந்தவருக்கு அவ்வியப்பு மேலும் பெருகுகிறது.

பழைய இரசவாதம் நம்மிடையே இன்னும் முற்றும் மறைந்துவிடவில்லை. நகையை இரட்டிப்பாக்கித் தருவதாகவும், பூசையால் புதையல் எடுத்துத் தருவதாகவும் கூறி ஏழை எளியவரின் பொருளைப் பறிப்போரைப்பற்றிய செய்திகள் நாளிதழ்களில் வருகின்றன. அத்தகையோர் முன்னே நிற்கும்போது, காட்டப்படும் பொன் உண்மையானதா என்று கேட்பது மட்டும் போதாது. பெர்லினில் காட்டப்பட்ட பொன்னும் உண்மையான பொன்னேயாகும். இது எவ்வாறு ஆயிற்று, இதனை என் கையால் நான் செய்தாலும் ஆகுமா, கதவைத் திறந்துவைத்துக்கொண்டு செய்யலாமா என்று கேட்டல் வேண்டும். அக்கேள்விகளுக்கு அஞ்சாத அறிவே நம்பத்தக்கது. பெட்கர் பொன்னுக்காகச் செய்த வித்தைகளால் எவரும் பயன்பெறவில்லை. ஏழு மண்கலவைகளை நிறுத்துச் சுட்டு, வந்ததை வந்தவாறே எழுதிய உழைப்போ ஒரு தொழிலுக்கே வித்தாயிற்று.